கனு அன்று இரவு 14 பேர், ஒரே ஒரு காய்: எதைச் செய்யலாம்?

ஈரடுப்பு (வேளச்சேரி), ஜனவரி 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

16ஆம் தேதி, பொங்கலுக்கு மறுநாள், கனு. மதியம் அவரவர் வீட்டில் முடித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரரின் அக்கா, தங்கை குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எங்களையும் சேர்த்து 14 பேர். இத்தனை வருஷமும் மாமியார்தான் ஒற்றை ஆளாகச் சமைத்துப் போட்டார். நவம்பரில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, இன்னும் அதிக நேரம் நிற்கக்கூடாது. அதனால் இந்த முறை பொறுப்பு என்னுடையது.

பெரிய நாத்தனார் தேங்காய்ச் சாதமும் புளியோதரையும் கொண்டுவருகிறார். சின்னவர் அப்பளமும் வடாமும் பொரித்து எடுத்துவருவார். தயிர்சாதம் நான். மிச்சம் இருப்பது காய்தான். ஒன்றே ஒன்று போதும், ஆனால் அது நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பர்னர் அடுப்பு. பண்டிகை நாள், வெங்காயம் பூண்டு கிடையாது. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. குழந்தைகள் நாலு பேர். சாயங்காலம் 5 மணிக்குக் கோயிலுக்குப் போனால் திரும்ப 7 ஆகிவிடும், 8 மணிக்கு இலை போட வேண்டும். என் மனதில் இருப்பது உருளைக்கிழங்கு ரோஸ்ட். சரியா வருமா?

அண்ணாநகர்_அம்மா, ஜனவரி 8, இரவு 10:05

கண்ணை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கையே செய்யுங்கள் தோழி. கலந்த சாதத்துக்கு அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, குழந்தைகளும் கேட்காமலே சாப்பிடும். 2 கிலோ வாங்கி, முந்தின நாளே குழையாமல் வேகவைத்துத் தோலுரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆறின கிழங்குதான் உடையாமல் வறுபடும். இரும்பு வாணலி இருந்தால் இன்னும் நல்லது. மிளகாய்த் தூள், உப்பு, மஞ்சளோடு 2 ஸ்பூன் அரிசி மாவு பிசிறிப் போடுங்கள், மொறுமொறுவென்று வரும்.

தாம்பரம்_தாமிரபரணி, ஜனவரி 8, இரவு 10:31

நான் மாறுபடுகிறேன். மூன்று வகைச் சாதம், அப்பளம், வடாம், அதோடு உருளைக்கிழங்கு. இலை முழுக்க மாவுச்சத்து. சர்க்கரை உள்ள பெரியவர் எதைத் தொடுவார்? பச்சையாக ஒன்றாவது இருக்கட்டும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் என்றால் சிறுகிழங்குதான். சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்து மண்ணும் தோலும் போக்குவார்கள், அந்த வாசனைக்கே பண்டிகை வந்துவிடும். ஆனால் 14 பேருக்குச் சிறுகிழங்கு உரிக்க உங்களுக்கு நேரம் கிடையாது, தவிர அதுவும் கிழங்குதான். அவியல் செய்யுங்கள். முருங்கைக்காய், கத்தரிக்காய், அவரை, பூசணி, வாழைக்காய், கேரட், சேனை எல்லாம் இந்த மாதம் கிடைக்கும். ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிடும்.

மாடிவீட்டு மாமி (நங்கநல்லூர்), ஜனவரி 9, காலை 6:20

அவியலும் நல்லதுதான், உருளைக்கிழங்கும் நல்லதுதான். ஆனால் இந்தச் சாப்பாட்டுக்கு இரண்டும் வேண்டாம் அம்மா.

கலந்த சாதத்துக்குக் காய் யோசிக்கும்போது, சாதத்தில் எது இருக்கிறதோ அது காயில் வரக்கூடாது என்று என் அம்மா சொல்வாள். உங்கள் இலையில் தேங்காய்ச் சாதம் இருக்கிறது. அவியலிலும் தேங்காய்தான், பொரியலிலும் தேங்காய்தான். தயிர்சாதம் இருக்கிறது, அவியலில் தயிர் இருக்கிறது. புளியோதரை இருக்கிறது, ஆகவே புளி விட்ட கத்தரிக்காயும் சேனையும் வேண்டாம். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது பொடி போட்ட கறியும், அரைத்த பருப்பை உதிர்த்துக் காயோடு புரட்டுகிற பருப்பு உசிலியும்தான். உலர்ந்த காய், தேங்காய் இல்லை, வெங்காயம் பூண்டு தேவையே இல்லை, ஆறினாலும் ருசி கெடாது.

வாழைக்காய்ப் பொடிக்கறி சுலபம். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் மாமனாருக்காகப் பார்த்தால் பீன்ஸ் உசிலியோ அவரைக்காய் உசிலியோதான் சரி.

பெரம்பூர்வாசி, ஜனவரி 9, காலை 8:15

மாமி சொல்வதை அப்படியே ஏற்கிறேன், ஒரு காரணத்தோடு. போன வருஷம் தீபாவளிக்கு எங்கள் மாடியில் 20 பேர் சாப்பாடு. பீன்ஸ் பொரியல் என் வேலை. மூன்று மணிக்கே செய்து, தேங்காயைத் துருவிப் போட்டு, மூடி ஹாலில் வைத்துவிட்டேன். எட்டரைக்குத் திறந்தபோது லேசாக ஒரு புளித்த வாடை. ஈரப்பதமும் புழுக்கமும் உள்ள ஊரில் துருவின தேங்காய் ஐந்து மணி நேரம் தாங்காது. ஒன்றே கால் கிலோ பீன்ஸைக் கொட்டும்படி ஆனது. இன்றுவரை மனசு ஆறவில்லை.

தேங்காய் போட்டே ஆக வேண்டும் என்றால் பரிமாறும் நேரத்தில் போடுங்கள். நீங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பும் நேரத்தைப் பார்த்தால், தேங்காயே இல்லாத காய்தான் நிம்மதி.

ஈரடுப்பு, ஜனவரி 9, பகல் 1:10

மாமி, சாதத்தில் இருப்பது காயில் வரக்கூடாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. மிக்க நன்றி. தாமிரபரணி சார், மாவுச்சத்து பற்றி நீங்கள் சொன்னதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், அவரும் அதையே சொன்னார்.

ஆனால் உசிலி என்றால் எனக்குப் பயம். கல்யாணமான புதிதில் ஒரு முறை செய்தேன். அரைத்த பருப்பை வாணலியில் போட்டுக் கிளறக் கிளற அடியில் ஒட்டிக்கொண்டே போனது. எண்ணெய் விட்டேன், இன்னும் விட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியும் உதிரவில்லை, பொங்கல் மாதிரி கட்டி கட்டியாக நின்றது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதன் பிறகு நான் செய்யவில்லை. 14 பேருக்கு அதையா?

கரண்டிக்காரர் (மேற்கு மாம்பலம்), ஜனவரி 9, பிற்பகல் 3:45

தங்கச்சி, 22 வருஷமாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். உங்கள் கையில் குறையில்லை, முறைதான் வேறு. அரைத்த பச்சைப் பருப்பை நேராக வாணலியில் போட்டு உதிர்ப்பது பழைய முறை. அதற்கு எண்ணெயும் நிறைய வேண்டும், பக்கத்திலேயே நிற்க ஆளும் வேண்டும். இப்போது பலர் ஆவியில் வேகவைத்துத்தான் செய்கிறார்கள். ஒரு முறை செய்துவிட்டால் உசிலியைவிட ரோஸ்ட்தான் கஷ்டம் என்று சொல்வீர்கள்.

துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சம அளவு எடுத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால் தண்ணீர் அதிகம் குடித்துவிடும். வடிதட்டில் போட்டு முழுக்க வடியவிடுங்கள். மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்பு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அங்கங்கே அரைப் பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நைஸாக அரைத்தால் காரியம் கெட்டது. உங்களுக்கு அன்று ஒட்டிக்கொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதை எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் லேசாகப் பரப்பி, அமுக்காமல், 12 முதல் 15 நிமிஷம் வேகவிடுங்கள். ஒரு குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். அப்புறம்தான் முக்கியம்: முழுக்க ஆறட்டும். சூட்டில் கை வைத்தால் பிசினாகும். ஆறினதும் விரலால் லேசாக நெரித்தால் ரவையும் சின்னக் கடலைத் துண்டுமாகப் பொலபொலவென்று உதிரும். கட்டி இருந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று.

வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. உதிர்த்த பருப்பைப் போட்டு நடுத்தரத் தீயில் பத்து நிமிஷம் கிளறினால் நிறம் மாறி வாசனை வரும். வெந்த காயைச் சேர்த்து இரண்டு புரட்டு. அவ்வளவுதான். கல்யாணத்தில் 11 மணிக்கு இறக்கி வைப்போம், முதல் பந்தி 12 மணிக்கு, கடைசிப் பந்திக்கும் அதே உசிலிதான் போகும்.

அண்ணாநகர்_அம்மா, ஜனவரி 9, மாலை 5:02

அண்ணா, குறுக்கே ஒரு சந்தேகம். நான் பீன்ஸ் வேகவைத்தால் எப்போதும் காக்கி நிறத்துக்குப் போய்விடுகிறது. உசிலி நன்றாக வந்தாலும் பார்க்க மங்கலாக இருக்கும். சோடா உப்பு போடச் சொல்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

கரண்டிக்காரர், ஜனவரி 9, மாலை 5:30

சோடா உப்பு வேண்டவே வேண்டாம் தங்கச்சி, காய் குழைந்துபோகும், சத்தும் வீண். நீங்கள் மூடி வைத்து வேகவிடுகிறீர்கள் அல்லவா? அதுதான் காரணம். என் பெண் கெமிஸ்ட்ரி படித்தவள், அவள்தான் எனக்கு விளக்கினாள். காய் வேகும்போது அதிலிருந்தே லேசான அமிலம் வெளியேறும். மூடி போட்டால் அந்த ஆவி திரும்பக் காயிலேயே விழும். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது, அமிலம் பட்டால் அது கழன்றுவிடும், பச்சை போய் ஆலிவ் நிறம் வரும். இது தெரியாமலே எங்கள் ஆசான் 'பச்சைக் காய்க்கு மூடி கிடையாது' என்று அடித்துச் சொல்வார்.

திறந்தே வேகவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் உப்பு, துளி மஞ்சள் போட்டு 7, 8 நிமிஷம். நறுக்கென்று இருக்கும்போதே வடித்து, தட்டில் பரப்பி விசிறியடியில் ஆறவிடுங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே மேலும் வெந்து நிறம் போகும். தண்ணீர் ஒட்டிய காயை உசிலியில் போட்டால் பருப்பு நைந்துவிடும், ஆகவே நன்றாக வடியட்டும்.

கோயம்பேடு_கடை, ஜனவரி 9, இரவு 9:18

காய் வியாபாரம் செய்கிறவன், காய் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பீன்ஸ், அவரை, கொத்தவரை மூன்றுமே உசிலிக்கு ஏற்றவை. கொத்தவரைக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசிக்க வேண்டும். அவரை பனிக்காலக் காய், தையில்தான் அதன் ருசியே. ஆனால் இரண்டு ஓரத்திலும் நார் உரிக்க வேண்டும், கிலோவுக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். கூட ஆள் இருந்தால் அவரை, தனி ஆள் என்றால் பீன்ஸ்.

பீன்ஸை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்து ஈரம் தெரிந்தால் புதுசு. வளைந்து கொடுத்தால் பழசு. விதை வெளியே புடைத்துத் தெரிந்தால் முற்றல், எவ்வளவு வேகவைத்தாலும் நார் கடிக்கும். பொங்கலுக்கு முந்தின இரண்டு நாள் மார்க்கெட்டில் கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைக்கன்று வண்டிகள்தான் நிறைந்திருக்கும், நெரிசல் தாங்காது. 13ஆம் தேதி காலையிலேயே பீன்ஸ் வாங்கிவிடுங்கள். கழுவாமல் துணிப்பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் ஒன்றும் ஆகாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால்தான் வழவழக்கும்.

நாவலூர்_நடை, ஜனவரி 10, காலை 7:50

இவ்வளவு சிரமம் எதற்கு, வெளியே சொல்லிவிடலாமே என்று நான்கூட எழுத இருந்தேன். பிறகு என் அனுபவமே நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷம் முன்பு பொங்கல் ராத்திரி ஒரு கடையில் கூட்டும் கறியும் சொல்லியிருந்தோம். 8 மணிக்கு வர வேண்டியது 9:40க்கு வந்தது. குழந்தைகள் வெறும் தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். பண்டிகை நாளில் அந்தக் கடைக்காரர்களும் என்ன செய்வார்கள், ஊரே அன்றைக்குத்தான் சொல்கிறது. கையில் இருப்பதுதான் நிச்சயம். உசிலியே செய்யுங்கள் சகோதரி.

ஈரடுப்பு, ஜனவரி 10, இரவு 10:20

முடிவு செய்துவிட்டேன். பீன்ஸ் உசிலி. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கால் கிலோ பீன்ஸில் ஒத்திகை பார்க்கப் போகிறேன். 14 பேருக்கு அளவு மட்டும் சொல்லுங்கள் அண்ணா. மூன்று சாதம் இருக்கிறது, காய் மிஞ்சவும் கூடாது, பத்தாமலும் போகக்கூடாது.

கரண்டிக்காரர், ஜனவரி 11, காலை 6:40

இரண்டு சாதத்துக்கு மேல் இருக்கும் இலையில் ஆளுக்கு 90 கிராம் பச்சைக் காய் கணக்குப் போடுவோம். ஒன்றே கால் கிலோ பீன்ஸ் வாங்குங்கள். துவரம்பருப்பு 200 கிராம், கடலைப்பருப்பு 200 கிராம். மிளகாய் வற்றல் 12 முதல் 14, அது உங்கள் மிளகாயைப் பொறுத்தது. நல்லெண்ணெய் 100 மில்லி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கச் செலவாகாது.

ஒரு விஷயம். இரண்டு பர்னரில் ஒரே வாணலியில் அத்தனையையும் கொட்டாதீர்கள். குவிந்தால் பருப்பு வறுபடாது, வியர்த்துவிடும். இரண்டு பங்காகப் பிரித்து வறுத்து, கடைசியில் பெரிய அடுக்கில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள்.

மாடிவீட்டு மாமி, ஜனவரி 11, காலை 7:05

நேரத்தை நான் பிரித்துத் தருகிறேன். பொங்கலன்று ராத்திரி பீன்ஸை அலம்பி, ஈரம் போகத் துடைத்து, பொடியாக நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நறுக்கின பிறகு அலம்பாதீர்கள், சத்தெல்லாம் தண்ணீரோடு போகும். கனு அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பருப்பை ஊறவைத்து, அரைத்து, ஆவியில் வைத்து இறக்குங்கள். 4 மணிக்குள் உதிர்த்து ஆறின பருப்பையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பலாம். 7 மணிக்கு வந்ததும் ஒரு அடுப்பில் பீன்ஸ், ஒரு அடுப்பில் பருப்பு. ஏழே முக்காலுக்கு முடிந்துவிடும்.

உதிர்க்கும் வேலையை உங்கள் மாமியாரிடம் கொடுங்கள். அது உட்கார்ந்து செய்கிற வேலை. இத்தனை வருஷம் செய்தவர், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

தாம்பரம்_தாமிரபரணி, ஜனவரி 11, காலை 9:30

அவியல் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை, உசிலி நல்ல முடிவு. மாமனாருக்கு ஒரு யோசனை. என் தகப்பனாருக்கும் சர்க்கரைதான். அவர் இலையில் முதலில் உசிலியை இரண்டு கரண்டி வைத்துவிட்டு, அதற்கேற்பச் சாதத்தைக் குறைப்போம். பருப்பும் காயும் வயிற்றை நிறைத்துவிடும், சாதம் தானாகக் குறையும். கடைசியில் காய் வைத்தால் அது நடக்காது.

ஈரடுப்பு, ஜனவரி 17, காலை 11:15

ஒரு வாரமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒத்திகையில் பருப்பு சரியாக வந்தது, ஆனால் நான் பீன்ஸைப் பெரிதாக நறுக்கியிருந்தேன். பருப்பு தனியாகவும் காய் தனியாகவும் நின்றது. இரண்டாவது முறை பொடியாக நறுக்கினேன், பருப்பு ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிக்கொண்டது. இதை யாராவது புதிதாகச் செய்தால் கவனியுங்கள்.

கனு அன்று மூன்றரை மணிக்கு இட்லித் தட்டை இறக்கி வைத்தேன். மாமியார் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பெரிய தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உதிர்க்க ஆரம்பித்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி, அழுத்தாமல் உருட்டிவிட்டார். மணல் மாதிரி விழுந்தது. நான் ஒரு பிடி எடுத்து நெரித்தேன், அது மாவாகப் பிசைந்துகொண்டது. 'உள்ளங்கையை உபயோகிக்காதே, அதில் சூடு இருக்கு. விரல் நுனி மட்டும்' என்றார். இத்தனை வருஷத்தில் இதை அவர் செய்து நான் பார்த்ததே இல்லை. அவர் அடுப்படியில் இருக்கும்போது நான் ஹாலில் இலை நறுக்கிக்கொண்டிருப்பேன்.

கோயிலில் கூட்டம், திரும்பி வர 7:20 ஆகிவிட்டது. மாமி போட்டுத் தந்த கணக்கால்தான் பதற்றமில்லை. திறந்தே வேகவைத்த பீன்ஸ் அப்படியே பச்சையாக இருந்தது. 8:05க்கு இலை போட்டோம். மாமனாருக்கு முதலில் உசிலி வைத்தேன். அவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார், தேங்காய்ச் சாதம் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். பெரிய நாத்தனார் புளியோதரையோடு தொட்டுக்கொண்டு, 'அம்மா கை வாசனை இதில் இருக்கு' என்றார். அம்மா கைதான் அக்கா, உதிர்த்தது அவர்தான் என்றேன். மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

குழந்தைகள் மூன்று பேர் தயிர்சாதத்தில் கலந்து சாப்பிட்டார்கள். சின்ன நாத்தனார் பையன் மட்டும் தொடவில்லை, அவன் அப்பளத்திலேயே வயிற்றை நிறைத்துக்கொண்டான். மிஞ்சியது ஒரு சின்னக் கிண்ணம்.

அண்ணாநகர்_அம்மா, ஜனவரி 17, பகல் 12:02

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தோழி! நானும் நேற்று மூடி போடாமல் வேகவைத்துப் பார்த்தேன், பீன்ஸ் என்ன நிறம்! மிளகாய் எத்தனை போட்டீர்கள், கடைசியில்?

ஈரடுப்பு, ஜனவரி 17, பகல் 12:20

12 போட்டேன். குண்டு மிளகாய் இல்லை, நீள மிளகாய். பெரியவர்களுக்குச் சரியாக இருந்தது, குழந்தைகளுக்கு மாமியார் மேலே ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடுத்தார். மிஞ்சிய கிண்ணத்து உசிலியை இன்று காலை மோர்க்குழம்போடு சாப்பிட்டோம். அடுத்த வாரம் அவரைக்காயில் செய்யலாம் என்கிறார், நார் உரிப்பது அவர் பொறுப்பாம்.